பனிக்கடலில் ஒரு காமிரா

1911-ம் ஆண்டு ஜனவரி மாதம் 5-ந் தேதி.

பூமியின் தென்கோடியில், அண்டார்டிகாவின் கரையோரம், 'டெர்ரா நோவா' என்ற மரக்கப்பல் நின்றுகொண்டிருந்தது. அதை ஒட்டி, கடல் உறைந்து கட்டியாகி, ஒரு பெரிய பனித்தளமாகப் பரவிக் கிடந்தது. மாலுமிகள் அந்தப் பனியின் மீதே சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சறுக்கு வண்டி இழுக்கும் நாய்கள் இரண்டு, பனியின் ஓரத்தில் கட்டிப் போடப்பட்டிருந்தன.

அப்பொழுது ஏழெட்டுத் திமிங்கிலங்கள் பனியின் விளிம்பை ஒட்டி வந்தன. சாதாரணத் திமிங்கிலங்கள் அல்ல. கடல் நாய்களை வேட்டையாடித் தின்னும் கொலைகாரத் திமிங்கிலங்கள். கப்பல் பக்கமிருந்த தலைவர் ஸ்காட் அவற்றைக் கண்டார். உடனே தமது புகைப்படக்காரரைக் கூவி அழைத்தார்.

புகைப்படக்காரர் காமிராவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பனியின் விளிம்புக்கே போய்விட்டார். திமிங்கிலங்களைக் காணோம். நீரில் மூழ்கிவிட்டன.

அடுத்த கணம், காலடியில் இடி இடித்தது போல ஒரு முழக்கம்! இரண்டரை அடி கனமுள்ள பனித்தளம் மேலே எழும்பிப் பிளந்தது. அடியில் சென்ற திமிங்கிலங்கள் தங்கள் முதுகினால் முட்டிப் பனியை உடைத்துவிட்டன. பிளவுகளின் வழியே பெரிய தலைகள் நீருக்கு மேலே ஆறடி, எட்டடி உயரம் நீட்டி எட்டிப் பார்த்தன. சிறிய கண்கள் மின்னின. பற்கள் வரிசையாகத் தெரிந்தன.

புகைப்படக்காரர் நின்ற துண்டு ஆடியது. அவர் ஒரு துண்டிலிருந்து மற்றொரு துண்டுக்குத் தாவினார். அங்கிருந்து இன்னொன்றுக்குத் தாவினார். கால் தவறியிருந்தால், உறைபனி நீரில் விழுந்திருப்பார். கடைசியில் உறுதியான பனியின் மேல் குதித்துத் தப்பினார். நாய்களும் தெய்வாதீனமாகப் பிழைத்தன.

இவ்வளவு அமளியிலும் அவர் ஒன்றை மட்டும் கைவிடவில்லை. அதுதான் அவருடைய காமிரா!

அந்த மனிதரின் பெயர் ஹெர்பர்ட் பாண்டிங். தென் துருவப் பிரதேசத்தின் பெங்குவின் பட்சிகளையும், கடல் நாய்களையும், மிதக்கும் பனிமலைகளையும் உலகத்தாரின் கண்முன் கொண்டுவந்து நிறுத்தியவர். அவர் எடுத்த படங்கள் இன்றும் பேசுகின்றன. ஆனால், அவற்றுக்காக அவர் கொடுத்த விலை மிகப் பெரியது.

பாங்கியை விட்டு ஓடியவர்

1870-ம் ஆண்டு மார்ச் 21-ந் தேதி இங்கிலாந்தில் சாலிஸ்பரி என்னும் ஊரில் பாண்டிங் பிறந்தார். தகப்பனார் பாங்கியில் உத்தியோகம் பார்த்தவர். மகனும் அந்த வழியிலேயே போக வேண்டும் என்பது குடும்பத்தின் ஆசை. லிவர்பூல் நகரில் ஒரு பாங்கியில் நாலு வருஷம் பேரேடு எழுதினார். மனம் ஒட்டவில்லை.

வேலையை உதறிவிட்டு அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். கலிபோர்னியாவில் பழத்தோட்டம் வாங்கினார். 1895-ல் அங்கேயே ஒரு பெண்ணை மணந்துகொண்டார். ஒரு பெண்ணும் ஒரு பையனும் பிறந்தார்கள். தோட்டம் நஷ்டத்தில் முடிந்தது. பொழுதுபோக்காக வைத்திருந்த காமிராவே பிழைப்பாயிற்று.

அந்நாளில் இரட்டைப் படங்களுக்கு நல்ல கிராக்கி இருந்தது. ஒரே காட்சியை இரண்டு கண்ணாலும் பார்ப்பதுபோல இரண்டு படமாக எடுத்து, ஒரு கருவிக்குள் வைத்துப் பார்த்தால், காட்சி முப்பரிமாணத்தில் எழுந்து நிற்கும். அத்தகைய படங்களுக்காகப் பாண்டிங் கிழக்கு நாடுகளில் சுற்றினார். ஜப்பானும் ரஷ்யாவும் 1904-லும் 1905-லும் போரிட்டபோது, யுத்த களத்துக்கும் சென்றார். பர்மா, சீனா, ஜாவா, இந்தியா என்று அலைந்தார். ஜப்பானைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1910-ல் வெளிவந்தது.

ஊர் ஊராகச் சுற்றியவருக்குக் குடும்பம் தங்கவில்லை. மனைவியையும் குழந்தைகளையும் கலிபோர்னியாவில் விட்டுப் பிரிந்தார். கலைக்கும் வீட்டுக்கும் இடையே அவர் கலையைத் தேர்ந்துகொண்டார். அவருடைய வாழ்க்கையில் இது ஒரு கறை என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் கேப்டன் ராபர்ட் ஸ்காட் தென் துருவத்துக்குப் போக ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். பாண்டிங்குக்கு அப்பொழுது நாற்பது வயது. கோஷ்டியிலிருந்த பலருக்கு அவர் அண்ணன் வயதுக்காரர். தம்மைப் புகைப்படக்காரர் என்று சொல்லுவதை அவர் விரும்புவதில்லை. 'காமிராக் கலைஞர்' என்றே சொல்லிக்கொள்வார்.

ஒரு கையில் தட்டு, மறு கையில் பேசின்!

1910-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி நியூஜீலந்திலிருந்து 'டெர்ரா நோவா' கிளம்பியது. 1884-ல் கட்டிய பழைய திமிங்கில வேட்டைக் கப்பல் அது. தளம் முழுவதும் நிலக்கரி மூட்டைகள், மோட்டார் சறுக்கு வண்டிகள், 19 குதிரைகள், 33 நாய்கள்! கால் வைக்க இடமில்லை.

மூன்று நாளில் புயல் பிடித்துக்கொண்டது. பம்புகள் அடைத்துக்கொண்டன. உத்தியோகஸ்தர் முதல் மாலுமி வரை வரிசையாக நின்று, வாளி வாளியாக நீரை இறைத்துக் கப்பலைக் காப்பாற்றினார்கள். இரண்டு குதிரைகள் மாண்டன. ஒரு நாயை அலை அடித்துக்கொண்டு போயிற்று.

பாண்டிங்குக்கோ கடல் நோய்! தலை தூக்க முடியாத வாந்தி. ஆயினும் அவர் படுத்துக் கிடக்கவில்லை. எடுத்த படங்களைக் கழுவ வேண்டுமே! ஒரு கையில் படம் கழுவும் தட்டு, மறு கையில் வாந்தி எடுக்கும் பேசின். இந்தக் கோலத்தில் அவர் வேலை செய்ததை ஸ்காட் தம் நாட்குறிப்பில் வியந்து எழுதி வைத்தார்.

கப்பலிலிருந்து படம் எடுப்பது எளிதன்று. கரையில் முக்காலியை ஊன்றி, மூச்சை அடக்கி எடுக்கலாம். கப்பலில் காமிராவும் ஆடுகிறது, பட்சியும் பறக்கிறது, அலையும் எழுகிறது. மூன்றும் ஒத்துவரும் கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். படம் பதிவது கனமான கண்ணாடித் தகட்டில். கை தவறினால் உடைந்தே போகும். சினிமாக் காமிராவுக்கோ மோட்டார் கிடையாது. வினாடிக்கு இரண்டு சுற்று வீதம் கைப்பிடியைச் சீராகச் சுற்ற வேண்டும். கை விரைத்தால் படமும் தடுமாறும்.

பிறகு, மிதக்கும் பனிக்கட்டிகள் நெருக்கிக் கிடக்கும் கடல் வந்தது. சுமார் மூன்று வாரம் கப்பல் அதற்குள் சிக்கிச் சிக்கி நகர்ந்தது. கப்பலின் இரும்புக் கவசமிட்ட முன்முனை பனியைப் பிளந்து செல்லும் காட்சியை எடுக்க வேண்டும் என்று பாண்டிங் ஆசைப்பட்டார். அதைத் தளத்திலிருந்து பார்க்க முடியாது. என்ன செய்தார் தெரியுமா? கப்பலின் பக்கவாட்டில் பலகைகளை வெளியே நீட்டிக் கட்டச் செய்தார். கடலுக்கு மேலே தொங்கும் அந்தப் பலகையின் நுனியில் காமிராவை வைத்து, தாமும் அதன்மீது கிடந்து, கைப்பிடியைச் சுற்றினார். ஒவ்வொரு முறை கப்பல் பனியை மோதும்போதும் பலகை குலுங்கும். கீழே உறைபனி நீர்! அந்தப் படத்தை இன்று பார்த்தாலும் நாமே பலகையில் கிடப்பதுபோல இருக்கிறது.

பனிக்கட்டிகளின்மேல் கடல் நாய்கள் சோம்பிக் கிடந்தன. பெங்குவின்கள் கப்பலைக் கண்டு ஓடி வந்தன. மாலுமிகள் பாட்டுப் பாடினால் அவை நின்று கேட்டன. பாண்டிங்குக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

குளிரோடு ஒரு யுத்தம்

ராஸ் தீவில், எவன்ஸ் முனை என்ற இடத்தில் மரவீடு கட்டினார்கள். 25 பேர் அதில் பனிக்காலத்தைக் கழித்தார்கள். அதற்குள் பாண்டிங்குக்கு மட்டும் ஒரு தனி இருட்டறை. எட்டடி நீளம், ஆறடி அகலம் இருக்கும். வேலையும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான்.

அந்தக் குளிர் காமிராவுக்குப் பெரும் பகை. எண்ணெய் உறைந்து யந்திரம் நின்றுவிடும். ஆகவே எண்ணெயைத் துடைத்துவிட்டுக் கிராபைட் பொடியைப் பூசினார். குளிர்ந்த காமிராவை வீட்டுக்குள் கொண்டுவந்தால், லென்ஸ் முழுவதும் ஈரம் படிந்து பனியாகிவிடும். எனவே காமிராக்களை வெளியிலேயே விட்டு வைத்தார். மூச்சுக் காற்று பட்டாலும் லென்ஸில் பனித்திரை! ஒருநாள் படம் எடுக்கும்போது அவருடைய நாக்கு தற்செயலாகக் காமிராவின் உலோகத்தில் பட்டுவிட்டது. பட்ட இடத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டது. பிடுங்கியபோது தோலும் கூட வந்துவிட்டது.

1911 ஏப்ரல் கடைசியில் சூரியன் மறைந்தது. நான்கு மாதம் இருட்டு. அந்த நாட்களில் பாண்டிங் மாஜிக் லாந்தர் விளக்கை ஏற்றி, ஜப்பான், பர்மா, இந்தியா முதலிய நாடுகளின் படங்களைக் காட்டிப் பேசுவார். வெளியே பனிப்புயல் ஊளையிடும். உள்ளே சுவரில் கீழ்நாட்டுக் கோயில்களும் தோட்டங்களும் தோன்றும். அந்த 25 பேருக்கும் அது அமுதமாக இருந்தது.

அவருக்காக அடிக்கடி அசையாமல் நிற்க வேண்டியிருந்ததால், தோழர்கள் அவர் பெயரையே வினைச்சொல்லாக்கிக் கேலி செய்தார்கள். பனியில் விரைத்தபடி படத்துக்கு நிற்பதற்கு 'பாண்ட்' செய்வது என்று பெயர்!

பெங்குவின் பட்டணம்

எவன்ஸ் முனைக்கு வடக்கே சுமார் பத்துக் கிலோமீட்டரில் ராய்ட்ஸ் முனை. அடேலி பெங்குவின்களின் குடியிருப்பு அங்கே இருக்கிறது. உலகத்திலேயே மிகத் தெற்கேயுள்ள அடேலிக் குடியிருப்பு அதுதான். 1908-ல் ஷாக்கிள்டன் கட்டிய குடிசை ஒன்றும் பக்கத்திலேயே இருந்தது. பாண்டிங் அங்கே போய்த் தங்கினார்.

அக்டோபர் மாதத்தில் பெங்குவின்கள் கடல் பனியின் மீது வரிசையாக நடந்து வருகின்றன. இரண்டடிக்குச் சற்று மேற்பட்ட உயரம். ஆண் பறவை கூழாங்கல்லைப் பொறுக்கி வந்து கூடு கட்டுகிறது. பக்கத்து வீட்டுக்காரன் அசந்திருந்தால் அவன் கல்லைத் திருடுகிறது! பெட்டை இரண்டு முட்டை இடுகிறது. ஒன்று அடைகாக்கும்போது மற்றது கடலுக்குப் போய் இரை தேடுகிறது. சுமார் 35 நாளில் குஞ்சு வெளிவருகிறது.

இந்த வாழ்க்கை முழுவதையும் பாண்டிங் சினிமாப் படமாக எடுத்தார். கூட்டுக்குச் சமீபத்தில் காமிராவை வைத்து மணிக்கணக்காகக் காத்திருப்பார். பெங்குவின்களுக்கு மனிதனிடம் பயம் இல்லை. ஆனால், 'ஸ்குவா' என்னும் கொள்ளைப் பறவைகள் அவரைச் சும்மா விடவில்லை. முட்டையையும் குஞ்சையும் தூக்கிக்கொண்டு போகும் ஜாதி அது. அதன் கூட்டை நெருங்கினால் மேலிருந்து பாய்ந்து தலையில் அடிக்கும். பாண்டிங் அந்த அடியையும் வாங்கிக்கொண்டு, ஸ்குவா முட்டை திருடுவதையும் படம் பிடித்தார்.

தாய்க் கடல் நாயும் குட்டியும் பனியில் புரளுவதை எடுத்தார். கடல் நாய் தன் பற்களாலேயே பனியை அராவி, மூச்சு விடுவதற்குத் துளை செய்வதை எடுத்தார். செத்த பறவையைப் பஞ்சடைத்துப் பார்த்து வந்த ஜனங்களுக்கு, உயிருள்ள பிராணி தன் வீட்டில் எப்படி வாழ்கிறது என்று காட்ட வேண்டும். அதுவே அவருடைய நோக்கம்.

கூடாரத்துக்குள் நால்வர்

துருவத்துக்கு மனிதர்கள் எப்படிப் போகிறார்கள் என்பதையும் ஜனங்களுக்குக் காட்ட விரும்பினார் பாண்டிங். ஆனால் அவ்வளவு தூரம் காமிராவை இழுத்துச் செல்ல முடியாது. ஆகவே புறப்படுவதற்கு முன்பே ஓர் ஏற்பாடு செய்தார். ஸ்காட், டாக்டர் வில்சன், பவர்ஸ், எட்கர் எவன்ஸ் ஆகிய நால்வரும் வண்டி இழுப்பதையும், கூடாரம் அடிப்பதையும், உள்ளே அடுப்பு மூட்டிச் சமைப்பதையும், சிரித்துப் பேசியபடி தூக்கப் பைக்குள் நுழைவதையும் படம் பிடித்தார்.

பாண்டிங் இன்னொரு காரியமும் செய்தார். துருவத்தில் அவர் இருக்கப்போவதில்லை. யார் படம் எடுப்பது? ஸ்காட்டுக்கும் பவர்ஸுக்கும் காமிரா வித்தையைக் கற்றுக்கொடுத்தார். காமிராவின் விசையில் ஒரு கயிற்றைக் கட்டி, தூரத்திலிருந்து இழுத்துத் தம்மைத் தாமே படம் எடுத்துக்கொள்ளும் முறையையும் கற்பித்தார்.

1911 நவம்பர் முதல் தேதி ஸ்காட் தெற்கே புறப்பட்டார். பாண்டிங் அந்தப் பிரயாணத்தின் தொடக்கத்தைப் படம் எடுத்து, கையசைத்து வழி அனுப்பினார்.

1912 மார்ச் மாதத் தொடக்கத்தில் அவர் கப்பல் ஏறி ஊர் திரும்பினார். ஸ்காட் இன்னும் வரவில்லை. வந்துவிடுவார் என்றே எல்லோரும் நம்பினார்கள். கப்பல் வடக்கே சென்றுகொண்டிருந்த அந்த நாட்களில், துருவம் சென்ற ஐவரில் நால்வர் உயிரோடுதான் இருந்தார்கள்! பனியில் தள்ளாடித் தள்ளாடி நடந்துகொண்டிருந்தார்கள். அது பாண்டிங்குக்குத் தெரியாது.

கயிற்றை இழுத்த கை

1913 பிப்ரவரியில் துயரச் செய்தி உலகத்துக்கு எட்டியது.

ஸ்காட்டும் அவருடைய தோழர்களும் 1912 ஜனவரி 17-ந் தேதி துருவத்தை அடைந்திருந்தார்கள். ஆனால் நார்வே நாட்டு அமுண்ட்சன் 1911 டிசம்பர் 14-ந் தேதியே அங்கே வந்து போய்விட்டார். திரும்பும் வழியில் பிப்ரவரி மாதம் எட்கர் எவன்ஸ் மாண்டார். மார்ச் மாதம் ஓட்ஸ் பனிப்புயலில் நடந்து மறைந்தார். ஸ்காட், வில்சன், பவர்ஸ் மூவரும் உணவுக் கிடங்கு ஒன்றுக்குப் பதினொரு மைல் தூரத்தில், கூடாரத்துக்குள்ளேயே உயிர் துறந்தார்கள்.

1912 நவம்பர் 12-ந் தேதி தேடிச் சென்றவர்கள் அந்தக் கூடாரத்தைக் கண்டார்கள். உள்ளே, கழுவாத பிலிம் சுருள்கள் கிடைத்தன. எவன்ஸ் முனை வீட்டிலேயே அவற்றைக் கழுவினார்கள். துருவத்தில் நிற்கும் ஐந்து பேரின் படம் தெளிவாக விழுந்தது. தோல்வியும் களைப்பும் அப்பிய முகங்கள். உற்றுப் பார்த்தால் பவர்ஸின் கையிலிருந்து ஒரு மெல்லிய கயிறு காமிராவை நோக்கி நீள்வது தெரியும்.

ஆம்! பாண்டிங் கற்றுக்கொடுத்த கயிறுதான் அது.

கடைசி வரை

அதற்குப் பின் பாண்டிங்குக்கு வேறு வாழ்க்கை இல்லை. 1914-ல் ஐயாயிரம் பவுனுக்கு மேல் கொடுத்து, அந்தச் சினிமாப் படத்தின் உரிமையைத் தாமே வாங்கினார். லண்டனில் படத்தைக் காட்டிப் பிரசங்கம் செய்தார். பெங்குவின் கல் திருடும்போது கொட்டகை சிரிப்பால் அதிரும். பிறகு கூடாரத்தில் நால்வர் சிரித்துக்கொண்டு சமைக்கும் காட்சி வரும். அப்பொழுது சிரிப்பவர் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த நால்வரும் இறந்துபோனவர்கள் அல்லவா!

1914 மே மாதத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அரண்மனையிலேயே அந்தப் படத்தைப் பார்த்தார். சில மாதத்தில் முதல் உலக யுத்தம் மூண்டது. பிரான்ஸ் நாட்டுப் போர்முனையில் சுமார் ஒரு லட்சம் படைவீரர்களுக்கு அதைக் காட்டினார்கள்.

யுத்தம் முடிந்தபின் ஜனங்களின் ருசி மாறிவிட்டது. துருவக் கதை பழங்கதையாயிற்று. பாண்டிங் விடவில்லை. 1921-ல் தம் அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார். 1924-ல் படத்தைத் திருத்திப் புதிதாக வெளியிட்டார். பேசும் படம் வந்ததும், 1933-ல் தம் குரலிலேயே கதை சொல்லி, '90 டிகிரி தெற்கு' என்ற பெயரில் மறுபடியும் கொண்டுவந்தார். பணம் வரவில்லை. புதுக் கருவிகள் கண்டுபிடித்தும் பார்த்தார். அவையும் கைகொடுக்கவில்லை.

1935-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி லண்டனில் பாண்டிங் காலமானார். மனைவி மக்கள் அருகில் இல்லை. மிச்சம் இருந்தது கடன்தான்.

ஆனால் அவர் கொண்டுவந்த கண்ணாடித் தகடுகள் அழியவில்லை. 2004-ல் கேம்பிரிட்ஜிலுள்ள ஸ்காட் துருவ ஆராய்ச்சி நிலையம் அவற்றை விலைக்கு வாங்கிப் பத்திரப்படுத்தியது. ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட தகடுகள்! 2010-ல் பிரிட்டிஷ் பிலிம் நிலையம் அவருடைய 1924-ம் வருஷத்துப் படத்தைச் செப்பனிட்டு, லண்டன் திரைப்பட விழாவில் காட்டியது. அவர் குறித்து வைத்திருந்த வண்ணச் சாயலோடு அது மீண்டும் திரையில் ஒளிர்ந்தது.

எவன்ஸ் முனையில் அந்த மரவீடு இன்னும் நிற்கிறது. அவருடைய இருட்டறையும் இருக்கிறது. அவருக்குப்பின் வந்து தங்கிய மற்றொரு கோஷ்டியார் விட்டுப்போன 22 பிலிம்கள் அந்த அறையிலிருந்து எடுக்கப்பட்டன. நூறு வருஷத்துக்கு முன் எடுத்த அந்தப் படங்களை 2013-ல் உலகம் பார்த்தது!

கொலைகாரத் திமிங்கிலங்கள் கடலில் மனிதனைக் கொன்றதாக உறுதியான செய்தி எதுவும் இல்லை. பனிக்கு அடியிலிருந்து பார்த்தபோது, அன்று மேலே நின்ற நாய்களையும் மனிதனையும் அவை கடல் நாய்கள் என்றே நினைத்திருக்கலாம். பாவம், பாண்டிங்குக்கு அது எப்படித் தெரியும்? சாவு வாயைத் திறந்துகொண்டு வந்துவிட்டது என்றே அவர் எண்ணினார். அப்படி எண்ணியும் காமிராவைக் கீழே போடவில்லை. கூடாரத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்த நான்கு நண்பர்களை உலகம் இன்றும் உயிரோடு பார்க்கிறது என்றால், அந்தக் கைகளின் உறுதிதான் அதற்குக் காரணம்.

ராய்ட்ஸ் முனையில் ஒவ்வோர் அக்டோபரிலும் பெங்குவின்கள் இன்னும் வரிசையாக நடந்து வருகின்றன. பக்கத்து வீட்டுக் கல்லைத் திருடிக் கூடு கட்டுகின்றன.